கூலியும் கொடையும்

கிறித்தவ நம்பிக்கையின் இரண்டு கோட்பாடுகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். கடவுள் மனிதனாகப் பிறந்தார் என்பது ஒன்று. மனிதனுக்கு இரட்சிப்பு அவன் சேர்த்த புண்ணியத்தால் கிடைப்பதில்லை, கடவுளின் கிருபையால் கிடைக்கிறது என்பது மற்றொன்று. ஞாயிறு பள்ளிகளில் இவற்றைத் தனித்தனிப் பாடங்களாகச் சொல்லித்தருகிறோம். பிறப்பைக் கிறிஸ்துமஸுக்கும் கிருபையைப் புனித வெள்ளிக்கும் பங்கிட்டு வைத்துவிட்டோம். இவை இரண்டும் ஒரே செய்தி என்பதும், ஒன்றைத் தளர்த்தினால் மற்றதும் தானே தளர்ந்துவிடும் என்பதும் என் வாதம். இவற்றை ஏற்காதவர்கள் எழுப்பும் கேள்விகள் வலுவானவை. அவற்றில் சிலவற்றுக்கு நேர்மையாக முகங்கொடுக்கவும் முயல்கிறேன்.

சிங்கப்பூரில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. இங்கே தமிழர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்தவர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் சாலை போட்டவர்களும் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களும் சேர்ந்து எழுப்பிய சமூகம் இது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆனதற்கு, பிறப்பைப் பார்க்காமல் தகுதியைப் பார்க்கும் இந்நாட்டின் ஏற்பாடு பெரிதும் உதவியது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் தகுதியால் மட்டுமே ஆளை அளந்து பழகிய ஊரில் அந்த அளவுகோல் வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மொத்த மதிப்பெண், 2020 வரையில், ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட எங்கே நிற்கிறது என்று காட்டும் எண்ணாகவே இருந்தது. 2021இல்தான் அந்த முறையை மாற்றினார்கள். பன்னிரண்டு வயதிலேயே வரிசையில் தன் இடத்தைத் தெரிந்துகொண்ட மனம், வளர்ந்த பின் கடவுள் முன்னாலும் வரிசையில்தான் நிற்கும். எத்தனை நோன்பு, எத்தனை காணிக்கை, எத்தனை ஜெபக் கூட்டம் என்று கணக்கு எழுதும். கோயிலுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் தேவாலயத்துக்குப் போகிறவரும் இந்தக் கணக்குக்கு ஒரேபோல ஆளாகிறோம்.

இனி வாதத்துக்கு வருகிறேன். கடவுளுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு கூலி உறவாக இருந்தால், கடவுள் வரவேண்டிய தேவையே இல்லை. சட்டமும் கணக்கேடும் போதும். வேலை வாங்குபவர் எங்கிருந்தாலும் சம்பளம் வந்து சேரும். மனிதனுக்குக் குறைவது அறிவு மட்டும்தான் என்றால், ஒரு குருவையோ தீர்க்கதரிசியையோ அனுப்பினால் போதும். கற்றுக்கொண்டு நாமே ஏறிவிடலாம். ஆனால் மனிதனுக்கு வேண்டியது கடவுளே என்றால், அவர் கொடுக்கும் பொருள் அவரேதான் என்றால், ஆள் அனுப்பிக் கொடுக்க வழியில்லை. கொடுப்பவர் வந்தாக வேண்டும். கிருபை என்று கிறித்தவம் சொல்வது ஏதோ ஒரு வரத்தையோ சலுகையையோ அல்ல, கடவுள் தம்மையே கொடுத்ததை. அந்தக் கொடை நடந்த இடமும் நாளும்தான் அவர் மனுவுருவெடுத்த நிகழ்ச்சி.

இது இன்று நான் புதிதாகக் கட்டிய வாதமல்ல. 325இல் நைசியாவில் கூடிய சங்கத்துக்குக் காரணமாக இருந்தவர் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியுஸ். கிறிஸ்து படைப்புகளில் முதன்மையானவர், ஆனாலும் படைக்கப்பட்டவரே என்றார் அவர். ஆயர் அதனாசியுஸ் அவரை எதிர்த்து நின்றதற்கு அடிப்படை வெறும் தத்துவ நுணுக்கம் அல்ல. இரட்சிப்பைப் பற்றிய கவலை. படைக்கப்பட்ட ஒருவர் மற்றப் படைப்புகளைக் கடவுளோடு சேர்க்க முடியாது, அவரையும் வேறொருவர்தான் சேர்க்க வேண்டியிருக்கும் என்று அவர் வாதிட்டார். அதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், மனிதன் விரும்பினால் பாவமில்லாமல் வாழ முடியும், கிறிஸ்து அதற்கு நல்ல முன்மாதிரி என்ற போக்கில் பெலாகியுஸ் என்ற துறவி போதித்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அதை மறுத்தார்கள். அதற்குப் பின் சில ஆண்டுகளில் ஆயர் நெஸ்டோரியுஸின் போதனை எழுந்தது. அது இயேசு என்ற மனிதரையும் தேவகுமாரனையும் ஏறக்குறைய இரு நபர்களாகப் பிரித்துவிடுகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. 431இல் எபேசுவில் கூடிய சங்கம் நெஸ்டோரியுஸை விலக்கியபோது, பெலாகியுஸின் தோழர் கெலஸ்தியுஸின் போதனையையும் சேர்த்தே விலக்கியது. ஒன்று கிறிஸ்து யார் என்ற கேள்வி. மற்றது மனிதனால் எவ்வளவு முடியும் என்ற கேள்வி. இரண்டையும் ஒரே சங்கம் ஏன் எடுத்துக்கொண்டது? அரசியல் காரணங்களும் இருந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சங்கத்துக்குச் சற்று முன்பே ஜான் கசியன் என்ற துறவி இரண்டுக்கும் உள்ள உறவைக் கண்டு எழுதியிருந்தார். மனிதன் தானே ஏறிவிடுவான் என்றால், கிறிஸ்துவும் அப்படி ஏறிக் கடவுளுக்கு உகந்தவரான மனிதர்தான் என்று ஆகிவிடும். ஏறிப்போன மனிதர் நமக்கு வழிகாட்டலாம். அவர் நம்மிடம் இறங்கிவந்த கடவுளாக மாட்டார்.

எவ்வளவு தூரம் இறங்கினார் என்பதையும் பார்க்க வேண்டும். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், தேவனுடைய ரூபமாக இருந்தவர் அடிமையின் ரூபம் எடுத்தார் என்ற கருத்தைச் சொல்கிறார். அரசராகவோ குருவாகவோ கூட அல்ல. இதன் பாரத்தை உணரச் சிங்கப்பூரிலேயே ஒரு சுவர் இருக்கிறது. 1862இல் அருட்பொழிவு பெற்ற புனித ஆண்ட்ரூ பேராலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து இங்கே நாடுகடத்தப்பட்ட கைதிகள். அதன் உட்சுவர்ப் பூச்சு மதராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் வெல்லத்தையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டையை ஊறவைத்த நீரை விட்டுக் குழைத்துப் பூசினார்கள். காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். அடிமை ரூபம் எடுத்த கடவுளைப் பற்றிய பிரசங்கம் அந்தச் சுவர்களுக்கு நடுவே குடியேற்ற அதிகாரிகளின் காதில் விழுந்தது. தேய்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு வேலைத்தளம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிரசங்கம் உண்மையானால், கடவுள் எடுத்த வடிவம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருடையது அல்ல, கைதியாகச் சுவரைத் தேய்த்தவருடையது. இந்தக் கோட்பாட்டை இதமான வார்த்தைகளில் சொல்லிப் பழகிவிட்டோம். அது இதமானதல்ல.

கிருபை என்ற எண்ணம் தமிழ் மண்ணுக்கு அந்நியமானது என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. அப்படிச் சொன்ன மிஷனரிகள் இருந்தார்கள். அவர்கள் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருளை மையப் பொருளாக வைத்துத் திருவருட்பயன் என்று நூறு குறள்கள் எழுதினார். ஆணவ மலத்தில் கட்டுண்ட உயிர் தன் முயற்சியால் தன்னை அவிழ்த்துக்கொள்ள முடியாது என்பது சைவ சித்தாந்தத்தின் உயிர்நாடி. வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் இதே பொருள் பற்றித் தலைமுறை தலைமுறையாக வாதிட்டார்கள். குரங்குக் குட்டி தாயைப் பிடித்துக்கொள்வதுபோல உயிரும் சிறிது பற்ற வேண்டுமா, பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போவதுபோல எல்லாம் பெருமாள் செயலா என்பது கேள்வி. ஐரோப்பாவில் அகஸ்தீனும் பெலாகியுஸும், பின்பு லூதரும் எராஸ்முஸும் மோதிக்கொண்ட களத்துக்கு இது மிக அருகில் இருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் இந்தியாவின் அருள் சமயத்தையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டுத் தனி நூலே வெளியிட்டார். ஆகவே அருள் எங்களிடம் மட்டும் உண்டு என்று கிறித்தவர் பேசக் கூடாது. பேச வேண்டியது, அருள் எப்படி வந்தது என்பதை.

இங்கேதான் சைவரின் கேள்வி எழுகிறது. இறைவன் அருளுவதற்குத் தாயின் கருப்பை எதற்கு? பக்குவப்பட்ட உயிருக்கு அவனே குரு வடிவில் எழுந்தருளி ஆட்கொள்வான். ஆனால் ஒரு தாய் வயிற்றில் பிறப்பதும், பசிப்பதும், சாவதும் கன்மத்தால் கட்டுண்ட உயிர்களுக்கே உரியவை. பிறந்தவன் எப்படிக் கட்டவிழ்ப்பான்? இது கிறித்தவத்தை அறியாதவர்கள் கேட்ட கேள்வி அல்ல. பெர்சிவல் பாதிரியாரோடு விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்து, அந்த நூலை உள்ளும் புறமும் அறிந்திருந்த ஆறுமுக நாவலர் போன்றவர்கள் வளர்த்த மரபு அது. பதில் இரண்டு படிகளில் வரும். நம்மில் யாரும் கேட்டுப் பிறக்கவில்லை. கிறிஸ்துவின் பிறப்போ தாமே விரும்பி ஏற்ற பிறப்பு என்கிறது நற்செய்தி. வினையால் வந்த பிறப்புக்கும் அன்பால் எடுத்த பிறப்புக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை அவதாரத்தைப் பற்றி ராமானுசர் மரபும் வற்புறுத்துகிறது. இறைவன் பிறக்க முடியாது என்று நாம் அவருக்கு எல்லை வகுத்தால், அதுவும் அவருக்கு ஒரு கட்டுதான். இரண்டாவது, நோய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மருந்து சேர வேண்டும். கிறிஸ்து மனித உடலை மட்டும் எடுத்தார், மனித அறிவை எடுக்கவில்லை என்று அப்பொலினாரியுஸ் என்ற ஆயர் சொன்னபோது, நாசியான்சு ஊர் கிரகோரியார் எதிர்த்து எழுந்த வேகத்துக்குக் காரணம் இதுதான். அறிவும் மனமும்தான் முதலில் தவறின; அவற்றைத் தொடாமல் விட்டால் அவை குணமாகாமலே போகும். 451இல் கால்செதோன் சங்கம், இறைமை குறையாமல், மனிதம் குறையாமல், இரண்டும் கலந்து மூன்றாவதொன்றாக மாறாமல் ஒரே நபரில் இருப்பதாக வரையறுத்தது. அது எப்படி முடிந்தது என்பதை அந்த வரையறை விளக்கவில்லை. எப்படியெல்லாம் சொன்னால் கிருபை கைநழுவும் என்பதைத்தான் அது எச்சரிக்கிறது.

வைணவரின் கேள்வி வேறு. சிராங்கூன் சாலையில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் பெருமாளின் அவதாரங்கள் சுதைச் சிற்பங்களாக நிற்கின்றன. பல முறை வந்தவரை விட்டு, ஒரே முறை வந்ததாகச் சொல்வதில் என்ன பெருமை? தமிழ்க் கிறித்தவச் சிந்தனையாளர்களே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். சென்னையில் வாழ்ந்த வெங்கல் சக்கரை 1926இல் இயேசுவை அவதாரமாகவே வைத்து ஆங்கிலத்தில் நூல் எழுதினார். பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயராக இருந்த ஏ. ஜே. அப்பாசாமி அடுத்த ஆண்டு கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கினார். இவர்கள் அவதார எண்ணத்தை ஒதுக்கவில்லை. ஏற்று, அதனுள் நின்று வேறுபாட்டைத் தேடினார்கள். ஒரு வேறுபாடு, எடுத்த மனிதத்தைக் கிறிஸ்து காரியம் முடிந்ததும் களைந்துவிடவில்லை, உயிர்த்தெழுந்த பின்னும் அவர் மனிதரே என்பது. ஆனால் என் பார்வையில் கனமான வேறுபாடு பகைவனிடம் இருக்கிறது. நல்லவரைக் காத்துத் தீயவரை அழிக்க இறைவன் வருகிறான் என்பது கீதையின் கருத்து. கிறித்தவர்கள் இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது நியாயமல்ல. கண்ணன் கையால் மாண்ட சிசுபாலனும் கதியடைந்தான் என்று வைணவர் உடனே நினைவூட்டுவார்கள், அது சரியும்கூட. அங்கே பகைவன் இறைவனின் கையால் மடிந்து கதியடைகிறான். இங்கே இறைவன் பகைவரின் கையால் மடிந்து, அந்தப் பகைவருக்கே கதி தருகிறார்.

இந்த இடம் ஒரு தமிழ் வைணவரை எப்படிப் பற்றியது என்பதற்கு எழுத்திலேயே சான்று உண்டு. திருநெல்வேலிச் சீமையில் 1827இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை கம்பனில் ஊறிய வைணவக் குடும்பத்துப் புலவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். 1894இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம் ஐந்து பருவங்களில் 3,766 பாடல்கள் கொண்டது. ஜான் பனியனின் உருவகக் கதையைத் தழுவியது. பனியனின் கதையில் யாத்திரிகன் சிலுவையருகே வருகிறான், சுமை நழுவுகிறது, கதை நகர்கிறது. கிறிஸ்துவின் பாடுகளின் வரலாறு அங்கே விரித்துச் சொல்லப்படுவதில்லை. கிருஷ்ணபிள்ளை அங்கே நின்றுவிடுகிறார். குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என்று வகுத்து, கிறிஸ்து பிடிபட்டதும் அவமானப்பட்டதும் சிலுவையில் மாண்டதுமான வரலாற்றைப் பாடுகிறார். மூலத்தில் இல்லாததைத் தழுவலில் இவ்வளவு விரிவாகச் சேர்க்க ஒரு புலவருக்குக் காரணம் இருக்க வேண்டும். சரணாகதியை அவர் கிறித்தவத்தில் புதிதாகக் கற்கவில்லை. அது அவர் வீட்டுச் சொத்து. சரணடையும் காலடியில் ஆணித் தழும்பு இருந்ததுதான் அவருக்குப் புதிது என்று நான் வாசிக்கிறேன்.

பெருமாள் கோயில் நிற்கும் அதே சிராங்கூன் வட்டாரத்தில், டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே தொழும் தமிழ் முஸ்லிம் நண்பர் கேட்பது இன்னும் நேரடியான கேள்வி. இறைவன் அளவற்ற அருளாளன். மன்னிக்க நினைத்தால் மன்னிப்பான். நடுவில் ஒரு சாவு எதற்கு? இறைவனின் ஒருமையையும் மேன்மையையும் காக்கும் அந்த அக்கறையைக் கிறித்தவர்களும் மதிக்க வேண்டும். ஆனால் மன்னிப்பு இலவசமாக வருவது மன்னிக்கப்படுபவருக்கு மட்டுமே. கடனைத் தள்ளுபடி செய்தால் அந்தத் தொகை காற்றில் கரைவதில்லை. கொடுத்தவர் கையிலிருந்து போகிறது. அவமதித்தவனைப் பழிவாங்காமல் விட்டவர் அந்த அவமானத்தைத் தம் உள்ளே விழுங்குகிறார். மன்னிக்கும் கடவுள் இழப்பைத் தாமே ஏற்றார் என்பதும், அந்த ஏற்பு வானத்தில் எழுதிய தீர்ப்பாக இல்லாமல் உடலில் நடந்தது என்பதும் சிலுவையின் பொருள். மூன்றாம் ஆள் ஒருவரைப் பிடித்துத் தண்டித்துக் கடவுள் கோபம் தணிந்தார் என்று சொல்லும் பிரசங்கங்கள் உண்டு. அப்படிச் சொன்னால் முஸ்லிம் நண்பரின் கேள்விக்குப் பதிலே இராது. ஏற்றவர் மூன்றாம் ஆள் அல்ல, கடவுளே என்றால்தான் பதில் நிற்கும். கடவுள் மனுவுருவெடுத்தார் என்ற கோட்பாட்டை விட்டுக் கிருபையை மட்டும் பேசினால் வரும் கேடு இது.

எல்லாம் இலவசம் என்றால் ஒழுங்கு எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. பவுலிடமே இதைக் கேட்டார்கள். ரோமருக்கு எழுதியதில் அவர் சினத்தோடு மறுக்கிறார். வரலாற்றில் இதற்கு மெதடிஸ்டுகளே போதுமான பதில். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24 மாலை லண்டனில் ஒரு கூட்டத்தில், லூதர் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரை வாசிக்கப்படுவதைக் கேட்டுத் தம் இரட்சிப்புக்குக் கிறிஸ்து ஒருவரையே நம்பத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சுரங்கத் தொழிலாளர் நடுவே திறந்தவெளியில் பிரசங்கித்தார். சாவதற்குச் சில நாள் முன், 1791இல், அடிமை வணிகத்தை எதிர்த்து நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்சுக்குக் கடிதம் எழுதினார். அந்த மரபு 1885இல் சிங்கப்பூருக்கு வந்தது. ஷார்ட் தெருவில் இருக்கும் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை அதன் கிளை. கிருபை அவர்களைச் சோம்பேறிகளாக்கவில்லை. தம்மை நிரூபிக்க வேண்டிய தேவை தீர்ந்தவருக்குத்தான் அயலாருக்காக உழைக்கக் கை ஒழிகிறது. ஓபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயமும் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். கிருபையா நற்செயலா என்று பிரிந்த கத்தோலிக்கரும் லூதரன்களும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். மீட்பு கிருபையால் வருகிறது, நற்செயல் அதன் கனி என்பதில் இன்று அவர்களுக்குள் அடிப்படைச் சண்டை இல்லை.

ஆனால் என்னை மிகவும் நெருக்கும் மறுப்பு வேறொன்று. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தேக்காவிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் வந்து கூடும் வெளிநாட்டு ஊழியரைப் பாருங்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கிறவரிடம் போய், கூலி பெரிதல்ல, கொடைதான் பெரிது என்று சொன்னால் அது பிரசங்கமா, அவமதிப்பா? கொடை என்ற பேச்சால் கூலியை மறைப்பது உலகம் முழுவதும் முதலாளிகளுக்குப் பழகிய வித்தை. இதற்கு மத்தேயு எழுதிய நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் உள்ள திராட்சைத் தோட்டக் கதையைக் கவனமாகப் படிக்க வேண்டும். அதிகாலையில் வந்தவருக்கும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவருக்கும் ஒரே சம்பளம் என்பதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். முதலில் வந்தவருக்குப் பேசிய கூலி ஒரு காசு குறையாமல் கொடுக்கப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். அந்த எசமானின் தாராளம் பேசிய கூலிக்கு மேலே தொடங்குகிறது. அதைத் தின்று வளரவில்லை. அறுவடை செய்தவரின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கடவுளிடம் கூக்குரலிடும் என்று யாக்கோபின் நிருபமும் எச்சரிக்கிறது. மனிதனுக்கு மனிதன் தரவேண்டியது கூலி, அது உரிமை. கடவுள் மனிதனுக்குத் தருவது கொடை. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டவர் இரண்டையும் கெடுத்தார்.

அந்தக் கதையில் இன்னொன்று இருக்கிறது. மாலையில் பணம் பட்டுவாடா செய்ய ஒரு காரியக்காரன் வருகிறான். ஆள் வைத்திருந்த எசமான், ஆட்களைக் கூப்பிட அவனை அனுப்பியிருக்கலாமே? விடியலிலும், ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும், ஐந்து மணிக்கும் சந்தைக்குப் போனவர் எசமானரே. கூலியை ஆள் மூலம் கொடுக்கலாம். யாரும் வேலைக்கு எடுக்காமல் பகல் முழுவதும் நின்றவர்களைத் தேடிப்போகும் வேலையை அவர் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. முதலில் வந்தவர்கள் முணுமுணுத்ததற்குக் காரணம் இதுதான்: கையில் இருந்த காசு குறையவில்லை, பக்கத்தில் நின்றவனோடு தங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் குறைந்துபோனது. சைவரும் வைணவரும் முஸ்லிமும் எழுப்பும் கேள்விகளுக்கு நூற்றாண்டுகளாகப் பதில் எழுதி வந்திருக்கிறோம். இந்த முணுமுணுப்பு நம் பெஞ்சுகளிலிருந்தே வருகிறது. கதையில் முணுமுணுத்தவர்களில் ஒருவனை எசமான் சிநேகிதனே என்று அழைத்துக் கேள்வி கேட்கிறார். அவன் என்ன பதில் சொன்னான் என்று மத்தேயு எழுதவில்லை.